ஆலோசகர் என் பக்கம் சாய்ந்துவிட்டார், அதனால்தான் கவலை

வெண்கதவு:

திருமணமாகி ஒன்பது வருடம். ஏழு வாரமாக ஒரு தம்பதி ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கிறோம். போகலாம் என்று சொன்னது நான். ஆளைத் தேடியது, முதலில் போனில் பேசியது, நேரம் குறித்தது எல்லாம் நான்தான். என் கணவர் "சரி, போவோம்" என்று மட்டும் சொன்னார்.

முதல் மூன்று செஷனும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இத்தனை வருடம் வீட்டில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன விஷயங்களை ஒருவர் கண்ணைப் பார்த்துக் கேட்கிறார், புரிகிறது என்கிறார். வெளியே வரும்போது மூச்சு லேசாக இருக்கும். நாலாவது செஷனில்தான் ஒன்றைக் கவனித்தேன். என்னிடம் கேட்கிற கேள்வி எல்லாம் "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" இவரிடம் கேட்கிற கேள்வி எல்லாம் "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" ஒரு தடவை கண்ணில் பட்ட பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒருநாள் கோபத்தில் நான் "சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது" என்றேன். அடுத்த வாரம் ஆலோசகரே இவரிடம் "இந்த வாரமும் சுவர் எழும்பியதா?" என்று கேட்டார். என் கோபத்தில் வந்த சொல் அங்கே ஒரு நோயின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. இவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு இவர் அங்கே எதைக் கேட்டாலும் "ஆமாம், என் தப்புதான்" என்கிறார். ஆலோசகர் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு இவரைத் தெரியும். அது ஒப்புதல் இல்லை, சீக்கிரம் முடியட்டும் என்கிற அவசரம். போன வாரம் வீட்டில், "நீ மட்டும் போயிட்டு வா, உங்க ரெண்டு பேருக்கும்தான் நல்லா ஒத்துப்போகுதே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

எனக்கு ஆதரவாகப் பேசுகிறவரைக் குறை சொல்வது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. ஆனால் நான் அங்கே ஜெயிக்கப் போகவில்லை. ஆலோசகர் நடந்துகொள்ளும் விதத்தால் பலன் மாறுமா, இல்லை எங்கள் உறவே இவ்வளவுதானா? ஆளை மாற்றுவதா, அவரிடமே சொல்வதா? போய்வந்தவர்கள் எழுதுங்கள்.

பழையவாசல்:

உங்கள் கணவர் உட்காரும் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வாய்த்தவர் கெட்டவர் இல்லை. மரியாதையாகப் பேசுவார், நேரம் தவறமாட்டார். ஆனால் நான் ஒரு வாக்கியம் பேசி முடிக்கும்முன் அதை என் மனைவியிடம் மொழிபெயர்ப்பார். "அவர் சொல்லவருவது என்னவென்றால்..." என்று ஆரம்பிப்பார். நான் சொல்லவந்தது அது இல்லை. இரண்டு தடவை திருத்தினேன். மூன்றாவது தடவை, திருத்துவதையே "பாருங்கள், எதிர்க்கிறீர்கள்" என்றார். அதோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். நாலு செஷன் போனோம், ஐந்தாவதுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை எதுவும் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்துப் பிரிந்தோம். அந்த ஆலோசகரால் பிரிந்தோம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பிரிவதற்கு எங்களிடமே காரணம் இருந்தது. ஆனால் உதவி கேட்டுப் போன ஒரே இடத்தில் என் வாய் அடைபட்டது என்பதும் உண்மை. அப்புறம் வேறு யாரிடமும் போகலாம் என்று மனைவி சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த நாலு செஷனின் பெரிய நஷ்டம் அதுதான்.

உங்கள் கணவர் சொன்ன "என் தப்புதான்" என்பதை நானும் சொல்லியிருக்கிறேன். அதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். என் மனைவி கண்டுபிடிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஈரச்செவி:

பதினான்கு வருடமாகத் தம்பதிகளுடன் வேலை செய்கிறேன். நீங்கள் விவரித்ததற்கு எங்கள் துறையில் பெயரே இருக்கிறது: பிளவுபட்ட கூட்டணி. இருவரில் ஒருவருக்கு ஆலோசகருடன் நல்ல பிணைப்பு, மற்றவருக்கு இல்லை.

கொஞ்சம் விளக்குகிறேன். தனிநபர் சிகிச்சையில், சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் உள்ள கூட்டணியை எட்வர்ட் போர்டின் 1979-ல் மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் ஒப்புதல், மனதளவில் பிணைப்பு. தம்பதிகள் என்று வரும்போது இது போதாது. 1986-ல் வில்லியம் பின்சாஃப், டொனால்ட் கேதரால் இருவரும் இதை விரித்தார்கள். எனக்கும் ஆலோசகருக்கும் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. என் துணைக்கும் ஆலோசகருக்கும் எப்படி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன் என்பது இரண்டாவது. நாங்கள் இருவரும் சேர்ந்து அவரோடு எப்படி இருக்கிறோம் என்பது மூன்றாவது. வெண்கதவு, உங்களுக்கு முதல் இழை உறுதியாக இருக்கிறது. இரண்டாவது அறுந்துவிட்டது என்று உங்களுக்கே தெரிகிறது. அதனால்தான் முதலாவதும் இப்போது உறுத்துகிறது.

இது பலனைப் பாதிக்குமா என்றால், பாதிக்கும். 2004-ல் சைமண்ட்ஸ், ஹார்வத் இருவரும் செய்த ஆய்வில், கூட்டணி எவ்வளவு வலுவானது என்பதில் தம்பதி இருவரும் ஏறக்குறைய ஒரே மதிப்பீடு கொடுத்த இடங்களில்தான் கூட்டணிக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு நன்றாகத் தெரிந்தது. கணவரின் கூட்டணி மனைவியுடையதைவிட வலுவாக இருந்த தம்பதிகளிடமும் அந்தத் தொடர்பு கூடுதலாக இருந்தது. ஏன் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன், என் அனுபவத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரும்பாலும் முதல் போன் மனைவியிடமிருந்துதான் வருகிறது. அவர் கதவைத் திறக்கும்போதே பாதி தூரம் வந்துவிட்டார். கணவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். அவரை உள்ளே அழைத்துவருவதுதான் முதல் சில செஷன்களில் என் முக்கியமான வேலை. அதைச் செய்யாமல் பேசத் தெரிந்தவரோடு பேசிக்கொண்டே போவது மிகவும் சுலபம். நான் அப்படிப் போயிருக்கிறேன். ஒரு தம்பதி திரும்பி வராமல் போன பிறகு என் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் மனைவி சொன்னவை. கணவர் சொன்னதாக ஐந்து வரி. அந்த ஐந்து வரியை இன்னும் மறக்கவில்லை.

மணல்மேடு:

எல்லோரும் ஆலோசகர் இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும் என்று எழுதுகிறீர்கள். ஒருவர் மட்டும் தப்பு செய்திருந்தால்? என் கணவர் இரண்டு வருடம் இன்னொரு உறவில் இருந்தார். ஆலோசகர் முதல் செஷனிலேயே "இதில் உங்கள் இருவரின் பங்கு என்ன என்று பார்ப்போம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பொய் சொன்னதில் என் பங்கு என்ன? நடுநிலை என்ற பெயரில் அடிபட்டவரையும் அடித்தவரையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஈரச்செவி:

மணல்மேடு, உங்கள் கோபம் சரியானது. நடுநிலை வேறு, இருவரையும் கேட்பது வேறு. இவான் போசோர்மெனி-நாகி என்ற குடும்பச் சிகிச்சையாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். யார் பக்கமும் சேராமல் விலகி நிற்பதை அவர் சொல்லவில்லை. முறை வைத்து ஒவ்வொருவர் பக்கமும் முழுதாகப் போய் நிற்பதைச் சொன்னார். உங்கள் பக்கம் வரும்போது "உங்களை ஏமாற்றியிருக்கிறார், இது காயம்" என்று தயங்காமல் சொல்லவேண்டும். அதைச் சொல்லி, அந்தக் காயத்துக்கு உங்கள் கணவர் பதில் சொல்லவும் நேரம் கொடுத்த பிறகுதான் உறவில் முன்பே என்ன குறை இருந்தது என்ற பேச்சுக்கு இடம் வரும். முதல் செஷனில் "இருவரின் பங்கு" என்று ஆரம்பித்தது தப்பு. உங்களிடம் அதைக் கேட்டவர் கேள்வியை மட்டுமல்ல, நேரத்தையும் தவறவிட்டார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். அடி உதை, மிரட்டல், பயம் இருக்கிற வீட்டுக்கு இங்கே நாம் பேசும் எதுவும் பொருந்தாது. தம்பதியைச் சேர்த்து உட்காரவைக்கும்முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து "வீட்டில் உங்களுக்குப் பயம் இருக்கிறதா?" என்று கேட்பது எங்கள் கடமை. பயம் இருக்கும் இடத்தில் கூட்டாக உட்காரவைத்து உண்மையைப் பேசச் சொன்னால், அந்த உண்மைக்கு வீட்டுக்குப் போனபிறகு விலை கொடுக்கவேண்டியிருக்கும். அங்கே முதலில் பாதுகாப்பு. கூட்டு ஆலோசனை அப்போதைக்கு வேண்டாம்.

நீலப்பொழுது:

எங்களுக்கு நேர் எதிர்ப்பிரச்சினை. முதலில் போன ஆலோசகர் யார் பக்கமும் சாயவில்லை, எதையும் செய்யவும் இல்லை. நாங்கள் ஐம்பது நிமிடமும் சண்டை போட்டோம், அவர் குறிப்பு எழுதினார். கடைசி ஐந்து நிமிடத்தில் "நிறைய உணர்வுகள் வெளியே வந்திருக்கின்றன" என்றார். வீட்டில் இலவசமாகப் போடும் சண்டையைக் காசு கொடுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாவதாகப் போனவர் நாங்கள் ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே கையை உயர்த்தி நிறுத்தினார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "உங்கள் குரல் உயர்ந்ததும் அவர் கண் தரைக்குப் போனது, பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அப்புறம் என் கணவரிடம் விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்க்கச் சொன்னார். நிமிடத்துக்கு 110-க்கு மேல் இருந்தது. வெளியில் பார்த்தால் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார் மனுஷன்! நான் அதை அலட்சியம் என்று நினைத்து வருடக்கணக்கில் இன்னும் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஜான் காட்மன் இதைப் பற்றி எழுதியிருப்பதை அப்புறம்தான் படித்தேன். அவரும் ராபர்ட் லெவன்சனும் தம்பதிகளைப் பேசவிட்டு உடம்பில் கருவிகள் பொருத்தி அளந்தவர்கள். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் பேசுவது சரியாக ஏறாது, அந்த நேரத்தில் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை, குறைந்தது இருபது நிமிடம் இடைவெளி விடவேண்டும் என்பார். இரண்டாவது ஆலோசகர் அதைத்தான் செய்தார். ஆலோசகர் அன்பாக இருந்தால் மட்டும் போதாது என்று அன்று புரிந்தது. வண்டி ஓடும்போது பிரேக் எங்கே என்றும் அவருக்குத் தெரியவேண்டும்.

தூறல்23:

எங்கள் ஆலோசகர் செஷனுக்கு வெளியே என் மனைவியோடு போனில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம், இரண்டு மூன்று தடவை. எனக்கு அது தெரியவந்ததும் அவர்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. இப்போது போகிறவர் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கினார்: தனியாக என்னிடம் சொல்வதை நான் ரகசியமாக வைத்திருக்கமாட்டேன், எதுவானாலும் இருவர் முன்னாலும் வரும். அந்த ஒரு தாள் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

கற்றல்நிலை:

இப்போதுதான் பயிற்சியில் இருக்கிறேன். மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து என் செஷன் வீடியோவை (தம்பதியின் அனுமதியோடு பதிவு செய்தது) நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். என் செயல்கள் அவர்களிடம் என்ன செய்கின்றன என்று பார்ப்பது சில நேரம் தாங்கமுடியாமல் இருக்கும்.

வெண்கதவு சொன்ன "எப்படி இருந்தது", "ஏன் செய்தீர்கள்" வித்தியாசம் என் வீடியோவிலும் இருந்தது. கணவரிடம் நான் "ஏன்" கேட்ட ஒவ்வொரு தடவையும் அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஆறு தடவை கேட்டிருக்கிறேன், ஆறு தடவையும் சாய்ந்திருக்கிறார்.

மேற்பார்வையாளர் அப்போது ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1985-ல் ஜெரால்ட் பேட்டர்சனும் மேரியன் ஃபோர்காட்சும் வெளியிட்டது. அது தம்பதிகளைப் பற்றியது இல்லை, பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைக்காக வந்த பெற்றோரைப் பற்றியது. சிகிச்சையாளர் போதிக்கும்போதும் தவறைச் சுட்டி மோதும்போதும் எதிர்ப்பு கூடியது. ஆதரவாகப் பேசும்போது குறைந்தது. இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே செஷனுக்குள் வேண்டுமென்றே போதித்து, நிறுத்தி, மறுபடியும் போதித்துப் பார்த்தார்கள். எதிர்ப்பும் அதோடு சேர்ந்தே ஏறியிறங்கியது. "ஒத்துழைக்காத ஆள்" என்று நாம் எழுதிவைப்பதில் எவ்வளவு பங்கு நம்முடையது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் போதிக்காமலே இருக்கமுடியாதே! ஒரு புதுப்பழக்கத்தைச் சொல்லித்தரத்தான் வேண்டும். எதிர்ப்பு வருவது அந்த வேலையின் பகுதி. அது வரும்போது அந்த ஆள்மேல் கோபப்படாமல் இருப்பதுதான் கஷ்டம். நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

தம்பதி ஆலோசனையில் பாதுகாப்பு உணர்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் வீடியோ பார்க்கும்போதுதான் உறைத்தது. தனியாகச் சிகிச்சைக்கு வருகிறவர் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே யாரைப் பற்றிச் சொன்னாரோ அவரோடு ஒரே வண்டியில் திரும்பிப் போகவேண்டும்.

எட்டாம்படி:

கொஞ்சம் மாற்றுக்கருத்து. எல்லாவற்றையும் ஆலோசகர் தலையில் ஏற்றுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் குழு 134 தம்பதிகளை இரண்டு முறைகளில் பிரித்துச் சிகிச்சை கொடுத்து ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தது. எல்லாருமே நீண்டநாள் கடும் பிரச்சினையில் இருந்தவர்கள். ஐந்தாம் வருட முடிவில் ஏறக்குறைய பாதிப்பேர் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தார்கள், நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பிரிந்திருந்தார்கள். நன்றாகப் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற ஆலோசகர்களிடமே இந்த நிலை. நல்ல ஆலோசகர் கிடைத்தாலும் சில உறவுகள் தேறாது. அதற்கு நாமும் தயாராக இருக்கவேண்டும்.

இன்னொன்று, ஒருவருக்கு இருக்க விருப்பம், ஒருவருக்குப் போக விருப்பம் என்றால் அங்கே சாதாரணத் தம்பதி ஆலோசனையை ஆரம்பிப்பதே பொருந்தாது. வில்லியம் டோஹர்ட்டி இதற்கென்றே ஒரு குறுகிய முறை வைத்திருக்கிறார். அதிகபட்சம் ஐந்து செஷன், பெரும்பகுதி தனித்தனியாகப் பேச்சு. உறவைச் சரிசெய்வது அதன் நோக்கம் இல்லை, எந்தப் பக்கம் போவது என்று தெளிவதுதான் நோக்கம். வெண்கதவு, உங்கள் கணவர் எதில் இருக்கிறார் என்று யாராவது கேட்டார்களா?

நீலப்பொழுது:

எட்டாம்படி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பாதிப்பேர் தேறினார்கள் என்றால், நாங்கள் அந்தப் பாதியில் வருவோமா மாட்டோமா என்பதில் ஆலோசகர் செய்வதற்கு இடம் இருக்கிறது. நார்வேயில் 205 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. ஆன்கர், டங்கன், ஸ்பார்க்ஸ் என்ற மூவருடையது. ஒரு பாதிக்கு வழக்கமான ஆலோசனை. மறுபாதியில் ஒவ்வொரு செஷனிலும் இருவரும் தனித்தனியாகச் சின்னப் படிவங்களில் குறிக்கவேண்டும்: இந்த வாரம் எப்படி இருந்தது, இன்று என்னைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, நான் பேசவந்ததைப் பேசினோமா. ஆலோசகர் அதை அங்கேயே பார்த்துப் பேசுவார். படிவம் வைத்த பக்கத்தில் நன்றாகத் தேறிய தம்பதிகளின் விகிதம் மற்றதைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. அந்தப் படிவங்களை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆய்விலும் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும், "இன்று உங்களைக் கேட்டேனா?" என்று கேட்பதற்கு என்ன செலவு?

வெண்கதவு:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். எட்டாம்படி, அந்தக் கேள்வியை நேற்று ராத்திரி நானே இவரிடம் கேட்டேன். "போகணும்னு நினைக்கல. ஆனா அங்க வந்து உட்கார முடியல" என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆலோசகரிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். "என் கணவருக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை" என்று நானே ஆரம்பித்துவிடவா?

பழையவாசல்:

வேண்டாம் அம்மா. தயவுசெய்து அதை நீங்கள் சொல்லாதீர்கள். நீங்கள் அவருக்காகப் பேசினால், அங்கே மறுபடியும் நீங்கள் பேசுகிறீர்கள், அவர் பேசப்படுகிறார். என்னைக் காப்பாற்ற என் மனைவி அப்படிப் பேசியிருந்தாலும் நான் இன்னும் சிறுத்துத்தான் போயிருப்பேன். அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், சொல்ல விருப்பமா என்று. விருப்பம் என்றால் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: அவர் நடுவில் நின்றுவிட்டால் நிரப்பாமல் இருப்பது.

ஈரச்செவி:

பழையவாசல் சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். உங்களைப் பற்றி மட்டும் நீங்கள் சொல்லலாம்: "என்னோடு நீங்கள் அதிகம் சேர்கிறீர்கள் என்று எனக்கே தோன்றுகிறது, அது எனக்கு உதவவில்லை." அதற்கு ஆலோசகர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவரிடமே தொடர்வதா என்ற உங்கள் முதல் கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும். முகம் சுளித்தாலோ, விளக்கம் கொடுக்க ஆரம்பித்தாலோ, வேறொருவரைத் தேடுங்கள். இழை அறுவது எல்லா ஆலோசகரிடமும் நடக்கும். அறுந்ததைக் காதில் வாங்கி முடிச்சுப் போடுகிறாரா என்பதுதான் கேள்வி.

மணல்மேடு:

எப்படிப் போனது என்று கட்டாயம் எழுதுங்கள்.

வெண்கதவு:

நேற்று போய் வந்தோம்.

நான் ஈரச்செவி எழுதிக்கொடுத்த வாக்கியத்தை ஏறக்குறைய அப்படியே சொன்னேன். ஆலோசகர் உடனே பதில் சொல்லவில்லை. இவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறதா?" என்று கேட்டார். இவர், "தண்டனையைக் கேட்டுக்கிட்டுப் போக வர்ற மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் நிறுத்திவிட்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு ஒருமணி நேரம் மாதிரி இருந்தது. "அந்தச் சுவர்ங்கிற வார்த்தை பிடிக்கல" என்றார். ஆலோசகர், "அதை நான் எடுத்திருக்கக்கூடாது. உங்கள் முகத்தையும் நான் கவனித்திருக்கவேண்டும்" என்றார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் முதல்தடவையாக இவரிடம் "நீங்கள் பேசாமல் எழுந்துபோகிற அந்த நேரத்தில் உங்களுக்கு உள்ளே எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நான் இதுவரை கேட்டிராத ஒன்றை இவர் சொன்னார். வாயைத் திறந்தால் திரும்ப எடுக்கமுடியாத எதையாவது சொல்லிவிடுவோமோ என்று ஒவ்வொரு தடவையும் பயமாம். என்னைவிட்டு விலகிப்போகிறார் என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபக்கமும் சொல்லவேண்டும். அதன்பிறகு ஆலோசகர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை, இன்னும் உள்ளே கிடக்கிறது. நேற்று வெளியே வரும்போது என் மூச்சு லேசாக இல்லை. நீலப்பொழுது சொன்ன மாதிரி ஒரு தாளில் குறிக்கலாமா என்று கேட்டோம், ஒத்துக்கொண்டார். "இன்று உங்களைக் கேட்டேனா?" என்ற கோட்டில் இவர் நடுவுக்குக் கொஞ்சம் மேலே குறித்தார். நானும் கிட்டத்தட்ட அதே இடத்தில் குறித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை இருவரும் போகிறோம்.